கடைசி மளிகைக் கடையும் மூடப்போகிறதா? ஊர் முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து வானம் பார்த்த ஊர்களில் இளவட்டங்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய் வெகுகாலம் ஆகிறது. வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள், மாவு மில் நிற்கிறது, சைக்கிள் கடை போகிறது. மளிகைக் கடைதான் கடைசியில் மிஞ்சும். அதை நடத்துகிறவருக்கும் அறுபது, எழுபது வயதாகியிருக்கும். "தையோட நிறுத்திக்கிறேன்" என்று அவர் சொல்லிவிட்டால், ஊருக்கு முடிவெடுக்க இருக்கும் அவகாசம் சில மாதங்கள்தான்.

வழிகள் நான்கு. வேறொரு தனி ஆளிடம் கடையைக் கொடுக்கலாம். மகளிர் குழு எடுத்து நடத்தலாம். கூட்டுறவுச் சங்கத்தைக் கேட்கலாம். நிலையான கடையே வேண்டாம் என்று வாரத்தில் இரண்டு நாள் வரும் வண்டிக் கடைக்கு ஏற்பாடு செய்யலாம். ஊர்க்கூட்டத்தில் பேச்சு உடனே "யார் நடத்துவது" என்பதற்குப் போய்விடும். அதற்கு முன்னால் தெரிய வேண்டியது ஒன்று: இந்த ஊரில் இன்னும் எவ்வளவு வியாபாரம் மிச்சமிருக்கிறது? நான்கில் எது சரி என்பதைப் பெரும்பாலும் அந்தத் தொகையே சொல்லிவிடும்.

அடுப்பெரியும் வீடுகள்

ரேஷன் கார்டு எண்ணிக்கையை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. வெளியூரில் குடியிருப்பவர்களின் கார்டும் ஊர்க் கணக்கில்தான் இருக்கும். திருவிழா, கல்யாணம் இல்லாத ஒரு சாதாரண வாரத்தில், மாலை ஏழு மணிக்குத் தெருத்தெருவாகப் போய் விளக்கெரியும் வீடுகளை எண்ணுங்கள். ரேஷன் கடையில் மாதாமாதம் உண்மையிலேயே கைரேகை வைத்துப் பொருள் வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு ஒத்துப்பாருங்கள்.

அடுத்து, எல்லாத் தெருவிலிருந்தும் இருபது வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதத்துக்கு வாங்கியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பொருள், தொகை, வாங்கிய இடம் ஆகிய மூன்று மட்டும் போதும். எழுதத் தெரியாத பாட்டிகளுக்குப் பேரப்பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ எழுதித் தரலாம். வாயால் கேட்டால் "எல்லாம் நம்ம ஊர்க் கடையிலதான்" என்றுதான் பதில் வரும். நோட்டில்தான் உண்மை தெரியும்.

நோட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் செலவு மூன்று வகையாகப் பிரியும்: டவுனில் மொத்தமாக வாங்கும் மாதச் சாமான், சந்தையில் வாங்கும் வாரக் காய்கறி, ஊருக்குள்ளேயே வாங்கும் அன்றாடச் சில்லறை. ஊர்க்கடை இப்போது மூன்றாவதை மட்டும் வைத்து ஓடுகிறது. முதல் இரண்டிலிருந்து எவ்வளவை இழுத்து வர முடியும் என்பதைப் பொறுத்துத்தான் கடை நிற்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு. அடுப்பெரியும் வீடுகள் 110 என்று வைத்துக்கொள்வோம். ரேஷன் அரிசி, கறி, மீன் போக, மளிகைக் கடையில் வாங்கக்கூடிய செலவு வீட்டுக்கு மாதம் 3,000 ரூபாய். ஊரின் மொத்தம் 3,30,000. அதில் மூன்றில் ஒரு பங்கு ஊரில் தங்கினால் விற்பனை 1,10,000. எண்ணெய், சீனியில் நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய்தான் நிற்கும். சோப்பு, பிஸ்கட்டில் எட்டு முதல் பத்து. சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் பருப்பு, மிளகாய், புளியில் கூடுதலாக நிற்கும். எல்லாம் கலந்து பத்து சதவீதம் என்றால் 11,000 ரூபாய். கரண்ட் 1,200, டவுனிலிருந்து சரக்கு ஏற்றிவர 2,500, வாடகை 1,000, எலி கடித்தது, காலாவதியானது என்று 1,300. மிச்சம் 5,000. இதை வைத்து ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. பழைய கடைக்காரர் இத்தனை நாள் நடத்தியது சொந்தக் கட்டடத்தாலும் மகன் அனுப்பிய பணத்தாலும்தான்.

மூன்றில் ஒரு பங்கு பாதியாக உயர்ந்தால் விற்பனை 1,65,000, லாபம் 16,500. செலவு 7,000 ஆகக் கூடினாலும் 9,500 நிற்கும். பணப் பட்டுவாடா, ரீசார்ஜ், பால் போன்றவற்றில் மூவாயிரம் சேர்ந்தால், ஊரிலேயே குடியிருக்கும் ஒருவருக்கு அது வருமானம். அதே 110 வீடுதான். ஆகவே எந்த வழியை எடுத்தாலும் முதல் வேலை இந்தப் பங்கை உயர்த்துவது.

பணம் கைக்கு வரும் இடம்

கடை நொடிப்பதற்கு விலை வித்தியாசத்தைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் வேறு. பணத்தை எங்கே எடுக்கிறார்களோ அங்கேயே செலவழித்துவிட்டு வருகிறார்கள். 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை வங்கிக் கணக்குக்கு வருகிறது. முதியோர் ஓய்வூதியமும் நூறு நாள் வேலைக் கூலியும் வங்கிக்குத்தான் வருகின்றன. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பெண்களுக்கு அது கிடைக்க வேண்டிய உரிமை. அதைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனால் டவுன் ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தவர் பக்கத்துக் கடையிலேயே மாதச் சாமானையும் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார் என்பதைக் கணக்கில் எடுக்காமல் ஊரில் கடை போட முடியாது.

ஆகவே ஊர்க்கடையில் ஆதார் வழிப் பணம் எடுக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். வங்கித் தொடர்பாளராக, அதாவது ஊரில் வங்கிக்காகப் பணம் கொடுக்கும் முகவராக, பதிந்துகொண்டு கைரேகைக் கருவி வைத்துக்கொண்டால் போதும். கமிஷன் ஒரு எடுப்புக்குச் சில ரூபாய்தான். அதைவிடப் பெரிய ஆதாயம், பணம் எடுக்க வருகிறவர் கடைக்குள் நிற்கிறார் என்பது. இன்னொன்றும் உண்டு. கல்லாவில் சேரும் விற்பனைப் பணத்தை அப்படியே எடுப்புக்குக் கொடுக்கலாம். அந்தத் தொகை கடைக்காரர் கணக்கில் ஏறும். அங்கிருந்தே மொத்தக் கடைக்கு ஜி-பேயில் சரக்குக்குப் பணம் அனுப்பலாம். நோட்டுக்கட்டைச் சுமந்துகொண்டு வங்கிக்கு அலைய வேண்டியதில்லை.

இதில் இரண்டு இடங்களில் அடி விழும். முதலாவது, தொகை வரும் நாளில் கல்லாவில் பணம் போதாமை. எண்பது பெண்கள் தலைக்கு ஆயிரம் கேட்டால் 80,000 வேண்டும். கடையின் ஒரு நாள் விற்பனை ஐயாயிரம்தான். இரண்டு வாரம் முன்பிருந்தே விற்பனைப் பணத்தை எடுத்து வைத்து, தெருவாரியாக மூன்று நாளில் கொடுப்பது என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். "காசு இல்ல, நாளைக்கு வாங்க" என்று முன்னறிவிப்பில்லாமல் ஒருமுறை சொன்னாலும் அடுத்த மாதம் எல்லோரும் பஸ் ஏறிவிடுவார்கள். இரண்டாவது, களை எடுத்தும் நாற்று நட்டும் தேய்ந்த விரல்களில் ரேகை விழாது. வேறு விரல்களை வைத்துப் பாருங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வையுங்கள். அப்படியும் விழாதவர்களுக்கு முகம் அல்லது கருவிழி மூலம் எடுக்கும் வசதியைத் தருகிற வங்கியைத் தேர்ந்தெடுங்கள். எடுப்பு ஒவ்வொன்றுக்கும் ரசீது கொடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் பணத்தில் ஒருமுறை சந்தேகம் விழுந்தால் கடையின் பெயரே கெட்டுவிடும்.

தனி ஆள்

எங்கள் கணிப்பில், அடுப்பெரியும் வீடுகள் நூறுக்கு மேல் இருந்தால் முதலில் முயல வேண்டியது இதுதான். நஷ்டம் வந்தால் தன் கைக்காசுதான் போகும் என்று அறிந்த ஒருவர் காட்டும் கவனத்தைக் கூட்டாக நடத்துகிற எந்த ஏற்பாட்டிலும் கொண்டுவருவது கஷ்டம். காலை ஆறு மணிக்குத் திறப்பதும், "உளுந்து நாளைக்குத் தீர்ந்துடும்" என்று இன்றைக்கே தெரிந்து வைத்திருப்பதும் சம்பளத்துக்கு வராது.

ஆள் கிடைக்காததுதான் சிக்கல். வெளியூர்க்காரரைக் கொண்டுவந்தால் ஓராண்டில் போய்விடுவார். ஊருக்கு மருமகளாக வந்து, பிள்ளை பள்ளிக்குப் போகும் வயதில், கணவர் வெளிநாட்டில் இருக்கும் பெண்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். கணக்குத் தெரியும், செல்போன் தெரியும், ஊரை விட்டுப் போக மாட்டார்கள். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

ஊர் செய்ய வேண்டியது, அவருடைய மாதாந்திரச் செலவைக் குறைப்பது. ஊர்ப் பொதுக் கட்டடம் சும்மா இருந்தால் பெயரளவு வாடகைக்குக் கொடுக்கலாம். ஒப்பந்தம் குறைந்தது மூன்று வருடத்துக்கு எழுத்தில் இருக்க வேண்டும். கடை கொஞ்சம் சூடுபிடித்ததும் "என் தம்பிக்கு வேணும்" என்று ஒருவர் வருவது வழக்கம். பதினைந்து இருபது நாளில் திரும்பும் சரக்குக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் முதலீடு வேண்டும். கோவில் திருப்பணிக்கு லட்சக்கணக்கில் அனுப்பும் சிங்கப்பூர், வளைகுடா ஊர்ச் சங்கத்தார் வட்டியில்லாமல் இதைக் கொடுத்து, ஆறாவது மாதத்திலிருந்து தவணையாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நன்கொடையாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தவர்கள் அத்தனை பேரும் முதலாளிகளாகிவிடுவார்கள்.

கடன் வியாபாரம் இல்லாமல் கிராமத்தில் கடை நடக்காது. வரம்பில்லாத கடனோடும் நடக்காது. வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் வரம்பு. தொகை வரும் வாரத்தில் பழைய கணக்கு தீர்ந்தால்தான் புதுக் கணக்கு. இதைத் தொடங்குகிற நாளிலேயே ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டால் கடைக்காரருக்கு முகத்தாட்சண்யம் வராது.

நொடிக்கும் கடைகள் ஒரே மாதிரிதான் நொடிக்கின்றன. பணம் முடை வந்ததும் சரக்கைக் குறைப்பார்கள். இரண்டு முறை கேட்டு இல்லை என்றால் மூன்றாம் முறை வர மாட்டார்கள். விற்பனை குறையும், சரக்கு இன்னும் குறையும். இதைத் தடுக்க நாற்பது பொருள்களின் பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டி வைத்து, அவை மட்டும் எந்நாளும் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்பு, புளி, மிளகாய் வற்றல், துவரம்பருப்பு, உளுந்து, சீனி, டீத்தூள், பால், முட்டை, வெங்காயம், தேங்காய், சோப்பு, தீப்பெட்டி, கற்பூரம், நாப்கின் எல்லாம் அதில் வரும். நாப்கினை உள்ளே ஒதுக்கி வைத்தால் பெண்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள். சோப்புக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிய வையுங்கள். கடை வாசலில் பெஞ்சும் சிகரெட்டும் போட்டால் ஆண்கள் கூடுவார்கள், பெண்கள் வருவது குறையும். மளிகையை நம்பும் கடைக்கு அது நஷ்டம்.

மகளிர் குழு

குழுவிடம் இரண்டு பெரிய பலம் உண்டு. ஒன்று, முதல் எளிதாகக் கிடைக்கும்: பத்து லட்சம் வரை ஈடு இல்லாமல் வங்கிக் கடன், மூன்று லட்சம் வரை ஏழு சதவீத வட்டி. இரண்டு, பன்னிரண்டு முதல் இருபது உறுப்பினர் குடும்பங்கள் என்பதால் அத்தனை வீட்டு மாதச் சாமானும் முதல் நாளிலிருந்தே உறுதி. மாதம் ஒருமுறை குழுவாகச் சேர்ந்து மொத்தக் கடையில் மூட்டையாக வாங்கினால் டவுன் விலையையே கொடுக்க முடியும்.

ஆனாலும் குழுக் கடைகள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் இடறுகின்றன: முறை வைத்து உட்காருவது. "திங்கள் நீ, செவ்வாய் நான்" என்று கேட்க நியாயமாக இருக்கும். மாதக் கடைசியில் சரக்கில் நாலாயிரம் குறைந்தால் அது யார் நாளில் குறைந்தது என்று யாருக்கும் தெரியாது. அவரவர் நாளில் அவரவர் சொந்தத்துக்குக் கடன் போகும். நடவு, அறுப்பு வந்தால் கடை பூட்டியிருக்கும். இங்கிலாந்தில் ஊரார் பங்கு போட்டு நடத்தும் கிராமக் கடைகள் நிறைய உண்டு. பங்கு எத்தனை வாங்கினாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுத்தான். அங்கே ஓய்வூதியம் வாங்கும் முதியவர்கள் சம்பளமில்லாமல் வந்து நிற்கிறார்கள். ஒரு நாள் வேலையை விட்டால் ஒரு நாள் கூலி போகும் நம் ஊர்ப் பெண்களிடம் அதை எதிர்பார்ப்பது தவறு.

சரியான ஏற்பாடு இது. உறுப்பினர்களில் ஒருவர் மட்டும் கடையில் உட்கார வேண்டும். அவருக்கு மாதம் ஒரு சிறு நிலைச் சம்பளமும் விற்பனையில் நூற்றுக்கு மூன்று ரூபாயும். தினமும் இரவு கல்லாவை எண்ணி, இன்னொரு உறுப்பினர் கையெழுத்திட வேண்டும். மாதக் கடைசியில் கடையை அரை நாள் மூடி, உறவில்லாத இருவர் சரக்கை எடைபோட்டு எண்ண வேண்டும். கடையின் வங்கிக் கணக்கு குழுவின் சேமிப்புக் கணக்கிலிருந்து தனியாக இருக்க வேண்டும். இது விட்டுக்கொடுக்கக் கூடாத விஷயம். இரண்டும் கலந்து கடை நஷ்டமானால், பிள்ளை படிப்புக்கும் மருத்துவத்துக்கும் குழுவை நம்பியிருக்கும் பெண்களின் அடுத்த கடனும் நின்றுவிடும்.

இடத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். பல ஊர்களில் ஒரு சாதிப் பெண்களின் குழு தன் தெருவுக்குள் கடை போடுகிறது. காலனிப் பெண்கள் அங்கே வந்து வாசலில் நின்று வாங்க விரும்புவதில்லை, அவர்கள் விரும்பாததில் நியாயமும் உண்டு. கடை பேருந்து நிறுத்தத்திலோ பள்ளிக்கு எதிரிலோ ரேஷன் கடை பக்கத்திலோ இருக்கட்டும். பொறுப்பாளர்களில் இரண்டு பக்கத்துப் பெண்களும் இருக்கட்டும். மனிதரை மனிதராக நடத்துவதற்கு வியாபாரக் காரணம் தேவையில்லை. ஆனாலும் ஊரில் பாதி வீட்டை இழந்த கடை, கணக்கிலும் தேறாது.

கூட்டுறவுச் சங்கம்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்திடம் கட்டடம், தராசு, ஊழியர், தணிக்கை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ரேஷன் கடையிலேயே ஊட்டி டீ, உப்பு, மளிகைப் பொருள்கள் விற்கப்படுகின்றன. இருந்தும் அன்றாடக் கடையாக அது மாறுவது அபூர்வம். சிறிய ஊர்களில் ரேஷன் கடையே பகுதி நேரம். ஒரே விற்பனையாளர் இரண்டு மூன்று கடைகளைப் பார்க்கிறார். மாலையில் திறக்காது, கடன் கிடையாது, எந்தப் பொருள் வாங்குவது என்பது மேலிருந்து வரும். உரம், விதை, நகைக்கடன் என்று சுறுசுறுப்பாக ஓடும் சங்கமும், ஆர்வமுள்ள செயலாளரும் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் சங்கத்திடம் கடை நடத்தச் சொல்வதைவிட, சும்மா இருக்கும் அதன் அறையைத் தனி ஆளுக்கோ குழுவுக்கோ வாடகைக்குக் கேட்பது பயன் தரும்.

வண்டிக் கடை

அறுபது வீட்டுக்குக் கீழே போன ஊரில் நிலையான கடை என்ன செய்தாலும் நிற்காது. அங்கே இதுதான் வழி. ஐந்து ஊர் சேர்ந்தால்தான் இது நடக்கும் என்பதால் பக்கத்து ஊர்களோடு பேசியாக வேண்டும்.

குட்டி யானை மாதிரி வண்டி போதும். மொத்த எடை மூன்று டன்னுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. தகுதிச் சான்றும் காப்பீடும் வேண்டும். கார் ஓட்டும் இலகுரக உரிமமே போதும் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் மறுபடி உறுதி செய்துவிட்டது. புது வண்டிக்கு ஐந்து லட்சம் கடன் வாங்கினால், ஐந்து வருடத் தவணை மாதம் 11,000 அளவுக்கு வரும். டீசல் 6,000, பராமரிப்பு, காப்பீடு 4,000. ஆக 21,000. ஓட்டி விற்கிறவருக்கு 15,000 நிற்க வேண்டுமானால், பன்னிரண்டு சதவீத லாபத்தில் மாத விற்பனை மூன்று லட்சம் வேண்டும். ஊருக்கு ஐம்பது வீடாக 250 வீடு, வீட்டுக்கு வாரம் 300 ரூபாய். எட்டக்கூடிய எண்தான், ஆனால் தாராளமானது இல்லை. கைக்காசில் இரண்டு லட்சத்துக்குப் பழைய வண்டி வாங்கினால், பராமரிப்பு கூடினாலும், தேவையான விற்பனை இரண்டே கால் லட்சத்தைச் சுற்றி இறங்கிவிடும். தொடங்குகிறவர்களுக்கு அதுவே நல்லது.

ஜப்பானில் ஆள் குறைந்த ஊர்களுக்கு 'தொகுஷிமாரு' என்ற வண்டிக் கடை 2012 முதல் ஓடுகிறது. சின்ன வண்டியில் ஏறக்குறைய 400 வகைப் பொருள், ஒரு வீட்டுப் பக்கம் வாரத்தில் இரண்டு நாள். வண்டி ஓட்டுகிறவருக்குச் சொந்தம். சரக்கு உள்ளூர் சூப்பர் மார்க்கெட்டினுடையது. விற்காத காய்கறி, மீனை மாலையில் கடைக்கே திருப்பிவிடலாம், நஷ்டம் ஓட்டுகிறவர் தலையில் விழாது. வண்டிச் செலவுக்காகப் பொருளுக்குப் பத்து யென் கூட்டி விற்றார்கள். முதல் ஏற்பாட்டை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: டவுன் மளிகைக் கடை ஒன்றோடு, மீந்ததைத் திருப்பித் தரும் பேச்சோடு சரக்கு எடுப்பது. இரண்டாவது இங்கே நடக்காது. பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு ரூபாய் கூட்டி விற்றாலும் குற்றம். ஆகவே வண்டியின் லாபம் நிறுத்துக் கொடுக்கும் பருப்பு, காய்கறி, முட்டை, கருவாடு போன்றவற்றிலிருந்துதான் வர வேண்டும். டீசல் செலவில் துண்டு விழும் தொகைக்கு ஊர்ச் சங்கம் மாதம் இவ்வளவு என்று உறுதி கொடுக்கலாம்.

நேரம் தவறினால் வண்டிக் கடை செத்துவிடும். "செவ்வாய், வெள்ளி காலை ஒன்பதரை, பிள்ளையார் கோவில் வாசல்" என்றால் மழையோ திருவிழாவோ அதே நேரம் வர வேண்டும். பாட்டிகள் அரை மணி வெயிலில் நின்று ஏமாந்தால் அடுத்த முறை வர மாட்டார்கள். வண்டிக்குப் பின்னால் இரண்டு படி வைத்த ஏணியும், முதல்முறை கேட்டதை அடுத்த நடையில் கொண்டுவர ஒரு நோட்டும் வேண்டும். பணம் எடுக்கும் கருவியும் வண்டியிலேயே இருக்கலாம். அவசரத்துக்கு உப்பும் தீப்பெட்டியும் மட்டும் ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்தால் போதும்.

எந்த ஊருக்கு எது

நூறு அடுப்புக்கு மேல், நடத்த ஒரு ஆளும் இருந்தால் தனி ஆள். ஆள் இருந்தும் முதல் இல்லை, குழு மட்டும் உறுதியாக இருக்கிறது என்றால் குழு முதல் போட்டு, ஒரே பெண் நடத்தும் கடை. அறுபதுக்கும் நூறுக்கும் நடுவில் இருக்கும் ஊருக்குத்தான் முடிவெடுப்பது கடினம். டவுன் எட்டு கிலோமீட்டருக்குள், பஸ் நாலு நடை வருகிறது என்றால் வண்டியே மேல். பஸ் காலையும் மாலையும் மட்டும் என்றால் காலை மூன்று மணி நேரமும் மாலை மூன்று மணி நேரமும் திறக்கும் சின்னக் கடை நிற்கும். வீட்டின் முன்னறையிலேயே நடத்தினால் வாடகையும் இல்லை. தபால்காரர் வழியாக வீட்டிலேயே பணம் எடுக்கும் வசதியும் இருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு அதை ஏற்பாடு செய்துகொடுக்கும் கடைக்கு அந்தப் பணத்தில் ஒரு பங்கு வந்து சேரும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நிறுத்தும் கோட்டை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் விற்பனை இவ்வளவுக்குக் கீழே போனால் கடையை மூடி வண்டிக்கு மாறுவது, சரக்கு மதிப்பு பாதியாவதற்குள் நிறுத்துவது என்று. மாசிக் களரித் திருவிழாவுக்கும் ஆடிக்கும் வெளியூர்க்காரர் வந்து விற்பனை மூன்று மடங்காகும் மாதங்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்த மாதங்களை நம்பிச் சரக்கை ஏற்றிய கடைகளில்தான் காலாவதிப் பொருள் குவிகிறது.

மூடப்போகும் பெரியவரிடமிருந்து கடைசி மாதத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை மூன்று. காலாவதியானதைக் கழித்து, வாங்கிய விலைக்குப் போட்ட சரக்குப் பட்டியல். அவர் சரக்கு எடுக்கும் மொத்தக் கடைகளுக்கு நேரில் ஒரு அறிமுகம். அவர் முகத்துக்காக அவர்கள் பதினைந்து நாள் தவணை கொடுப்பார்கள், புதியவருக்குத் தானாகக் கிடைக்காது. பிறகு, எந்த வீட்டார் எந்த டீத்தூள் வாங்குவார்கள், யார் சொன்ன தேதியில் கடனைத் திருப்புவார்கள் என்பது. அவருடைய கடன் நோட்டை மட்டும் விலைக்கு வாங்க வேண்டாம். அந்தப் பாக்கியை அவரே வசூலித்துக்கொள்ளட்டும்.